திருநந்தவனமும் மனைப் பூஞ்செடியும்

சிவபெருமானுக்குச் செய்யப்பெறும் தொண்டுகளுள் எல்லார்க்கும் எளியது மலரிடுதல். திருமுழுக்காட்டுக்குப் பாலும் நெய்யும் வேண்டும். திருவமுதுக்கு நெல்லும் பருப்பும் வேண்டும். கோபுரம் எடுத்தற்குக் கல்லும் பொன்னும் ஆள்வலியும் வேண்டும். மலருக்கோ வீட்டுப் புறத்தே நாலடி நிலமும் நாள்தோறும் ஒரு குடம் நீரும் போதியன. இத்துணை எளிய தொண்டினை நம் முன்னோர் எத்துணைப் பெரிதாகப் போற்றினர், அஃது அறமாக வளர்ந்தது எங்ஙனம், இன்று எந்நிலையில் நிற்கின்றது என்பவற்றைக் குடமுழுக்கு விழாக் காணும் அன்பர்கள் அறிந்துகொள்ளுதல் பெரிதும் நலம் பயப்பதாம்.

பூத்தொண்டின் பெருமை

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணம், திருக்கயிலையின் நந்தவனத்தை நினைவூட்டித் தொடங்குதல் கருதத்தக்கது. ஆலாலசுந்தரர் மலர் கொய்யச் சென்ற இடமும், கமலினி, அநிந்திதை என்னும் இருவர் அம்மைக்கு மலர் பறிக்க வந்த இடமும் அத்தோட்டமே. அங்கே நேர்ந்த ஒரு நோக்கே திருநாவலூரில் ஒரு பிறவியாகவும், திருத்தொண்டத்தொகையாகவும், பின்னர்ப் பெரியபுராணமாகவும் விரிந்தது. ஆகவே அடியார் வரலாறு முழுமைக்கும் வித்து ஒரு பூந்தோட்டத்தில் விழுந்தது எனல் பொருந்தும்.

அடியார் அறுபத்துமூவருள் முருக நாயனார் இத்தொண்டிற்கே உரியவராயினார். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த திருப்புகலூரில் வாழ்ந்த இவர், வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகைப் பூவையும் வெவ்வேறு கூடைகளிற் கொய்து, கண்ணியாகவும் தொடையலாகவும் இண்டையாகவும் பிணையலாகவும் சமைத்துக் காலந்தோறும் சாத்தினார். திருஞானசம்பந்தப் பெருமானுக்கு நண்பராகி, நல்லூர்ப் பெருமணத்தில் அப்பெருமானோடு சோதியுட் கலந்தார். அவர்தம் செயலாக நூல் கூறுவது பூக்கொய்து தொடுத்தலே. அதுவே முத்திக்கு வாயிலாயிற்று.

கருவூரில் சிவகாமியாண்டார் என்னும் முதியவர் ஒருவர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மலர் கொய்து ஆனிலை இறைவர்க்குக் கொண்டு செல்வார். ஒருநாள் அரசனது பட்டத்து யானை அப்பூக்கூடையைப் பறித்துச் சிந்தியது. எறிபத்த நாயனார் அந்த யானையையும் பாகரையும் மழுவினால் வீழ்த்தினார். செய்தி அறிந்து வந்த புகழ்ச்சோழரோ, தம் யானைக்கு நேர்ந்ததற்கு வருந்தாமல், ஒரு கூடைப் பூ சிந்தியதற்குத் தம் உயிரும் ஈடாகாதோ என்று தம் வாளையே நீட்டினார். அரசும் யானையும் ஒருபுறம், முதியவர் ஒருவரின் பூக்கூடை ஒருபுறம் வைத்து நிறுத்தப்பட்டபொழுது, பூக்கூடையே கனத்தது என்பதே இவ்வரலாறு உணர்த்துவதாம்.

எளிய செடியின் ஏற்றம்

இறைவன் திருமுடிக்கு ஏறிய பூக்கள் யாவும் அரசர் சோலையில் வளர்ந்தவை என்று எண்ணுதல் தவறு. உலகம் மதியாத செடிகள் பலவற்றை வழிபாட்டு மரபு உயர்த்தியுள்ளது.

அலரியை எடுத்துக்கொள்வோம். இதனை அரளி என்று உலகோர் வழங்குவர், செவ்வலரிக்குக் கணவீரம் என்பது பழம்பெயர், வடமொழியில் கரவீரம். மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தில் கொலைத் தண்டம் பெற்றவன் கழுத்தில் இடப்பெறுவது கரவீர மாலையே. மணிமேகலைக் காப்பியத்தில் புகார்த் தெருவில் திரியும் பித்தன் ஒருவன் கணவீர மாலையும் எருக்க மாலையும் அணிந்து தோன்றுகின்றான். மடலேறத் துணிந்த தலைவன் எருக்கங்கண்ணி சூடி நாணம் துறந்து வருதல் சங்க நூல் வழக்கு. இவ்வாறு பித்தனுக்கும் பிழை செய்தானுக்கும் நாணிழந்தானுக்கும் உரியனவாக உலகம் ஒதுக்கிய மலர்கள் இவை.

ஆயின், திருமுருகாற்றுப்படையில் குறமகள் முருகனுக்கு வெறியாடும் களத்தை அணி செய்யும் பொழுது அறுத்துத் தொங்கவிடுவது அந்தக் கணவீர மாலையே. எருக்கோ, தேவாரம் பாடிய மூவரும் போற்றும் செஞ்சடையில் கொன்றையோடும் ஊமத்தத்தோடும் உடன் இருக்கின்றது. எருக்கம்பூவேயாயினும் ஒருவன் அன்பாற் கொடுப்பின் தெய்வம் வேண்டாவென மறுப்பதில்லை என்னும் கருத்துக் கபிலர் பாரியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றிலேயே காணப்படுகின்றது. பித்தன் என்று சுந்தரர் அழைத்த பெருமானுக்குப் பித்தன் மாலை பொருந்தியதில் வியப்பென்னை?

திருநாவுக்கரசு சுவாமிகள் 7-ஆம் நூற்றாண்டில் திருவதிகை வீரட்டானத்தில் எட்டு நாண்மலர்களால் வழிபடுதலைச் சிறப்பித்துப் பதிகம் அருளினார். அவ்வெண்மலர் இவையெனப் பின்வந்த மரபு எண்ணுவது: புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், பாதிரி, நீலோற்பலம், அலரி, செந்தாமரை. இவ்வெட்டினையும் அவை வளரும் வகையாற் பகுத்து நோக்குக. புன்னையும் சண்பகமும் பாதிரியும் மரங்கள். இடமும் பல்லாண்டுக் காத்திருப்பும் வேண்டுவன. நீலோற்பலமும் செந்தாமரையும் நீர்ப்பூக்கள். வற்றாத குளம் வேண்டுவன. எஞ்சிய வெள்ளெருக்கும் நந்தியாவட்டமும் அலரியும் செடிகள். வெயிலையும் வறட்சியையும் தாங்கி, எளியவன் வீட்டுக் கொல்லையிலும் வளர்வன. எட்டில் மூன்றனை ஏழைக்கும் எட்டும்படி மரபு வகுத்து வைத்தது.

கல்லில் எழுதிய பூந்தோட்டம்

சோழர் காலத்தில் பூத்தொண்டு தனியொருவர் அன்பளவில் நில்லாமல் நிலையான அறமாக்கப்பெற்றது. கோயிலைச் சார்ந்த தோட்டத்தைத் திருநந்தவனம் என்றும், அதனைக் காக்க விடப்பெற்ற நிலத்தைத் திருநந்தவனப்புறம் என்றும், இறைவர்க்குச் சாத்தும் மாலையைத் திருப்பள்ளித்தாமம் என்றும் கல்வெட்டுகள் குறிக்கும். பூச்செடி வைத்தலோடு அறம் முடிந்ததாக முன்னோர் கருதவில்லை. நீர் இறைப்பார்க்கும், பூப்பறிப்பார்க்கும், தொடுப்பார்க்கும் உணவும் உடையும் இடையறாது கிடைக்க வேண்டும் என்று கருதி, அவர்க்கென நிலத்தின் விளைவையும் நெல்லையும் வரையறுத்துக் கல்லில் வெட்டினர். தோட்டங்களுக்கு அரசர் பெயரும் கொடையாளர் பெயரும் இட்டு வழங்கினர்.

1010-ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் விமானக் கலசம் அளித்த தஞ்சைப் பெருங்கோயிலில், திருமஞ்சன நீரிற் கலக்கும் ஏலவரிசிக்கும் சண்பக மொட்டுக்கும் இலாமிச்சத்துக்கும் எனத் தனியே பொருள் வைப்பாக விடப்பெற்ற செய்தி அக்கோயிற் கல்வெட்டுகளில் உள்ளது. வானளாவிய விமானம் எடுத்தவர், நீரில் இடும் மொட்டினையும் மறந்தாரல்லர். கட்டடம் ஒருமுறை எழுப்புவது. மலர் ஒவ்வொரு நாளும் வேண்டுவது. முன்னதற்குச் செல்வம் போதும். பின்னதற்கு நாள்தோறும் ஒருவர் கை வேண்டும். இவ்வேறுபாட்டை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

16-ஆம் நூற்றாண்டில் திருவாரூரில் விளங்கிய கமலை ஞானப்பிரகாசர், தருமை ஆதீனத்தை நிறுவிய குருஞானசம்பந்தருக்கு ஆசிரியராவார். அவர் எந்தப் பூ எப்பொழுது ஆகும், எப்பூ ஆகாது, எங்ஙனம் எடுத்தல் வேண்டும் என்பவற்றைத் தொகுத்துப் புட்பவிதி என்னும் நூலே இயற்றினார். தன் தோட்டத்தில் தானே வளர்த்து எடுத்த மலர் தலையாயது, காட்டிற் கொய்தது இடையாயது, விலை கொடுத்து வாங்கியது கடையாயது என்பது பெரியோர் வழக்கு. வாங்கிய மலர் மணத்திலோ நிறத்திலோ குறைந்தது என்பது இதன் கருத்தன்று. வளர்த்த மலரில் வளர்த்தவனது நாட்களும் சேர்ந்து சாத்தப்பெறுகின்றன என்பதே கருத்து.

கடல் கடந்த பெயரும் கடல் கடந்து வந்த செடியும்

மனைப் பூஞ்செடிகளின் வரலாற்றில் அன்பர்க்கு உவப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. கொச்சியில் ஒல்லாந்தரின் ஆட்சித் தலைவராக இருந்த வான் ரீட் என்பவர், மலையாள நாட்டு மருத்துவர்களின் துணைகொண்டு செடிகொடிகளைத் தொகுத்து, ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் பெருநூலை ஆக்கினார்; அஃது 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளிவந்தது. நந்தியாவட்டை, செம்பருத்தி, எருக்கு, அரளி, வெட்சி ஆகிய நம் வீட்டுச் செடிகள் தத்தம் நாட்டுப் பெயரோடும் படத்தோடும் அந்நூலில் இடம் பெற்றுள்ளன.

இவற்றுள் வெட்சி முருகப்பெருமானுக்கு உரியது. இன்று இட்லிப்பூ என்று சிறுவர் வழங்குவது. சுவீடன் நாட்டுச் செடிநூல் அறிஞர் லின்னேயசு 1753-இல் உலகச் செடிகளுக்கு இருசொற் பெயர் வகுத்தபொழுது, வெட்சியின் குலத்திற்கு ‘இக்சோரா’ என்று பெயரிட்டார். போர்த்துக்கேயர் ஈசுவரன் என்னும் திருப்பெயரைத் தம் எழுத்தில் எழுதிய வடிவமே அஃது. ஈசுவரனுக்குச் சாத்தும் பூ என்று கேட்டறிந்தமையால் அப்பெயர் அமைந்தது. இன்று உலகில் எந்நாட்டுப் பூங்காவிலேனும் அச்செடியின் பெயரைச் சொல்வோர், தாம் அறியாமலே இறைவன் திருநாமத்தைச் சொல்கின்றனர்.

பெயர் மேற்றிசை சென்றது போலவே செடிகள் மேற்றிசையினின்று வந்தன. 1492-இல் கொலம்பசு அமெரிக்கக் கரையை அடைந்தபின், அந்நாட்டுச் செடிகள் கடல்வழியே கீழ்த்திசை நாடுகளிற் பரவின. மஞ்சள் நிறத்துக் குழல்வடிவப் பூவையுடைய பொன்னரளி, மெக்சிகோவையும் அதனை அடுத்த நாடுகளையும் தாயகமாகவுடையது. ஈழத்தலரி என்று நாம் பெயரிட்ட பெருஞ்செடியும் அப்பகுதியினதே. இவை எண்மலருள் எண்ணப்பெறாதன. எனினும் வறண்ட நிலத்தில் வாடாது நின்று பூத்தமையால், கோயிற் சுற்றிலும் குளக்கரையிலும் இடம் பெற்றன. பொன்னரளி பல ஊர்களில் சிவபெருமானுக்கே சாத்தப்பெறுகின்றது. செம்பருத்தியும் காட்டில் தானே வளர்ந்து கண்டறியப்படாத செடி. மனிதர் கைவழியே தண்டாக ஊர் ஊராய் வந்தது. தொண்டுக்கு உதவும் செடியின் பிறப்பிடத்தை நம் மரபு வினவி ஒதுக்கவில்லை என்பது இவற்றால் விளங்கும்.

இற்றை நிலை

இத்துணைப் பெருமையுடைய நந்தவனங்கள் பிற்காலத்தில் மெலிந்தன. 1858-இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் ஏற்பட்டு மானிய நிலங்களைக் கணக்கெடுத்தது. 1963-இல் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பெற்று, அத்தகைய நிலங்கள் இரயத்துவாரி முறைக்கு மாற்றப்பெற்றன. நிலம் இருந்த இடத்திலும் பல ஊர்களில் விளைவு வரவில்லை, விளைவு வந்த இடத்திலும் நீர் இறைக்க ஆள் இல்லை, கிணறு தூர்ந்தது, பூத்தொடுக்கும் குடியினர் வேறு பிழைப்பு நாடினர். கல்வெட்டிலே தோட்டம் இருக்கின்றது; கல்வெட்டு நிற்கும் மதிலின் புறத்தே தோட்டம் இல்லை. இஃது ஓரூரின் குறையன்று.

அதனால் இன்று கோயிற் பூ பெரும்பாலும் சந்தையிலிருந்து வருகின்றது. தோவாளையும் நிலக்கோட்டையும் பூச்சந்தைக்குப் பெயர் பெற்றன. சேலம் மாவட்டத்துப் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளி வயற்பயிராகவே விளைகின்றது. அவ்வுழவர் உழைப்பு போற்றத்தக்கதே. ஆயின், விழா நாளில் விலை ஏறுங்கால் சிறு கோயில்களில் மாலை குறுகிச் சரமாகின்றது. சரம் குறுகி உதிரிப் பூவாகின்றது. ஒருகாலப் பூசையே நடைபெறும் சிற்றூர்க் கோயிலில், ஓர் இலிங்கத் திருமேனி பூவின்றியே ஒரு பகலைக் கழித்தலும் நிகழ்கின்றது. வாடாது என்று சொல்லி நெகிழி மாலை சாத்துவாரும் உளர். வாடுதல் மலரின் குற்றமன்று. நாளும் புதியது கொண்டு வருக என்று அது நம்மை அழைக்கும் அழைப்பாகும்.

கோபுரம் புதுப்பிக்கப் பொருள் தருவார் பலர் இருக்க, அக்கோபுரத்தின் உள்ளிருக்கும் பெருமானுக்கு நாளை வைகறையில் பூ யார் தருவார் என்னும் வினா எஞ்சுகின்றது. பழைய நந்தவனப்புறங்களை ஒரே நாளில் மீட்டல் அரிது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையும் ஒரு சிறு நந்தவனப்புறமாதல் அரிதன்று.

மனையில் வளர்க்கும் முறை

இடம் சிறிதாயினும் மேற்கூறிய செடிகள் வளரும். அரளிக்குக் கணுக்களையுடைய முற்றிய தண்டை ஒரு சாணுக்கு மேற்பட நறுக்கி, இரண்டு கணு மண்ணுள் இருக்குமாறு மழைக்காலத் தொடக்கத்தில் நடுதல் வேண்டும். நாள் முழுதும் வெயில்படும் இடமும் நீர் தேங்காத நிலமும் அதற்கு ஏற்றன. செடிக்குச் செடி 4 அல்லது 5 அடி விடுக. முதலாண்டு வேர் ஊன்றும் வரை நீர் வேண்டும். பின்னர்க் கோடையையும் அது தாங்கும். புதுத்தளிர் நுனியிலேயே பூப்பதாதலின், ஒரு பூப்பு முடிந்ததும் கிளை நுனிகளைக் கழித்துவிடின் அடுத்த பூப்பு மிகும். ஆடும் மாடும் இதனை மேயா. நெடுஞ்சாலைகளின் நடுவே அரளியை வரிசையாக நட்டிருத்தற்கு இத்தன்மைகளே காரணம்.

ஆடுமாடு மேயாமைக்குக் காரணம் அதன் நஞ்சு. அரளியிலும் பொன்னரளியிலும் இலை, பூ, விதை, வேர் அனைத்தும் நெஞ்சின் துடிப்பைக் கெடுக்கும் நஞ்சுடையன. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரள நாட்டுத் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூச் சேர்த்தலை விலக்கின. இவ்வெச்சரிக்கை எல்லா ஊர்க்கும் உரியது. சாத்துதற்கும் அருச்சனைக்கும் அரளி ஆகும். உண்ணும் பொருளோடு அதனைக் கலத்தல் ஆகாது. கழித்த கிளையை அடுப்பெரித்தலும் ஆகாது. பறித்த கையைக் கழுவுக. தவழும் குழந்தையுள்ள வீட்டார் அரளியை வேலிக்கு அப்பால் வைத்து, முற்றத்தில் நந்தியாவட்டையை வளர்ப்பாராக. அதன் பூவும் பாலும்கூட உண்ணுதற்குரியன அல்ல என்பதைப் பிள்ளைகட்குச் சொல்லி வைத்தல் வேண்டும்.

நந்தியாவட்டையின் ஐந்து வெள்ளிதழ்கள் ஒரு பக்கமாகச் சுழன்று அமைந்தவை. அடுக்குப் பூவுடைய வகையும் உண்டு. தண்டு நட்டாலே தழைக்கும். அரை நிழலிலும் பூக்கும். ஆதலின் மாடிவீடுகளின் இடுக்கு நிலத்திற்கு ஏற்றது. ஆண்டு முழுதும் சில பூக்களேனும் தருதல் இதன் தனிச்சிறப்பு. வெள்ளெருக்கு விதையிலிருந்து வளர்வது. ஆணிவேர் ஆழமாகச் செல்லுதலின் பெயர்த்து நடாமல், வேண்டிய இடத்திலேயே விதைத்தல் நன்று. அதன் பால் கண்ணிற் படாமல் காத்துக்கொள்க. செம்பருத்திப் பூ ஒரு நாளே நிற்கும். அன்றன்று பறிக்க வேண்டும். மாவுப்பூச்சி பற்றின், தண்ணீரை விசையாக அடித்துக் கழுவி, வேப்பெண்ணெயைச் சிறிது சவர்க்கார நீரிற் கலந்து தெளித்தால் அடங்கும். வெட்சி மெல்ல வளரும். சுண்ணாம்பு மிக்க மண்ணில் இலை வெளிறுமாதலின் மக்கிய உரம் நிரம்ப இடுக.

பறித்தல் வைகறையில் நீராடியபின் நிகழ்தல் மரபு. பூச்சியரித்ததும் மோந்ததும் நிலத்தில் விழுந்ததும் ஆகா. மரத்தடியில் உதிரும் பவழமல்லியை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் வழக்கத்தில் உண்டு. எல்லாப் பூவையும் பறித்துச் செடியை வெறிதாக்காமல், வண்டுக்கும் சில விடுதல் அருளுடைமை. தொடுத்தற்கு நெகிழி நூலை விலக்கி வாழைநாரைக் கொள்க. மறுநாள் களையும் மாலை நாரோடு மக்கி அச்செடிக்கே எருவாகும்.

நிறைவு

கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நூறு வீடுகள் இருக்குமாயின், வீட்டுக்கு ஓர் அரளியும் ஒரு நந்தியாவட்டையும் நின்றால், இருநூறு செடிகளையுடைய நந்தவனம் ஒன்று நிலக்கொடையும் கிணறும் வேலியும் இன்றியே உண்டாகிவிடும். வீட்டார் முறை வைத்துக்கொண்டு, நாளொன்றுக்குப் பத்து வீட்டார் ஆளுக்கொரு கைப்பிடிப் பூக் கொணர்ந்தால், பெருமான் பூவின்றி இருக்கும் நாள் ஒன்றும் வாராது. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. கற்பலகையிற் பெயர் பொறித்தலும் வேண்டா. முதியோர்க்கு இது தக்க தொண்டு, சிவகாமியாண்டாரும் முதியவரே. பிள்ளைகட்கு இது நல்ல பயிற்சி. தன் கையால் நீர் வார்த்த செடியின் பூ திருமேனியில் இருக்கக் கண்ட பிள்ளை கோயிலை ஒருநாளும் அயலிடமாக நினையாது.

குடமுழுக்கின் திருக்குட நீர் விமானத்தின்மேல் ஒருமுறை சொரியப்பெறுகின்றது. அந்நாள் கழிந்து, பந்தல் பிரிந்து, வந்த அடியார் ஊர் திரும்பியபின், பெருமான் தனித்திருக்கும் வைகறைகள் பல வரும். அவ்வைகறைகளில் அப்பெருமானுக்கு வேண்டுவது ஒரு குடலைப் பூ. ஒரு சாண் அரளித் தண்டை இம்மழைக்காலத்தில் ஊன்றுவோர், முருக நாயனார் நடந்த வழியில் முதலடி வைத்தோராவர்.

திருச்சிற்றம்பலம்.